ஏழாவது பறுவம்

கைப்பையைத் தோளிலிருந்து கழற்றுவதற்கு முன்பே விமலராணி கூட்டுக்குள் போய்விடுவாள். ஒரு வாத்தைப் பிடித்து இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வலது கையால் வாலைத் தடவி, பிடரி இறகுகளை விலக்கிப் பார்த்து, கடைசியில் அதன் நெஞ்சில் காதை வைப்பாள். என்ன பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், "கதையாதேங்கோ, அவ கதைக்கிறா" என்பாள். நான்கு வாத்துகளுக்கும் இந்த மரியாதை நடந்த பிறகுதான் பை கதவுக் கொளுக்கியில் தொங்கும், வீட்டு வேலைக்கான மேலங்கி ஏறும், கோப்பி அடுப்புக்குப் போகும்.

இது பலேர்மோ நகரத்தின் ஓரத்தில், ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற மீனவர் கரையில் உள்ள ஒரு வீடு. வீட்டுக்காரி சிஞ்ஞோரா எர்சீலியாவுக்கு வயது எண்பத்து நான்கு. ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் கணக்கு படிப்பித்தவர். இப்போது சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தோட்டத்துக்குப் படிப்பிக்கிறார். அவரைக் குளிப்பாட்டி, சமைத்து, மருந்து கொடுத்து, வீட்டைத் துடைப்பது விமலராணியின் வேலை. யாழ்ப்பாணத்து ஏழாலையில் பிறந்தவளுக்கு இப்போது ஐம்பத்து நான்கு வயது. வியா மக்வேதா என்ற தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், மூன்றாம் மாடியில் குடியிருப்பு. அங்கிருந்து இரண்டு பஸ் பிடித்துக் காலை எட்டு மணிக்கு முன் வந்து சேருவாள். பதினொரு வருடமாக இதில் மாற்றம் இல்லை. வாத்துப் பைத்தியம் மட்டும் போன வருடம்தான் பிடித்தது.

இருவரும் பேசுவது இத்தாலியம். சிஞ்ஞோராவுடையது பள்ளிக்கூட இத்தாலியம், விமலராணியுடையது மீன்கடையிலும் பஸ்ஸிலும் பொறுக்கியது. ஆனாலும் அவள் சொல்வதை அவளுடைய மனதில் ஓடும் தமிழிலேயே இங்கே எழுதுவதுதான் நியாயம். கோபம் வந்தால் அவள் நிஜமாகவே தமிழுக்கு மாறிவிடுவாள். சிஞ்ஞோராவுக்கு அப்போதுதான் எல்லாம் தெளிவாக விளங்கும்.

அவளிடம் ஒரு குணம் உண்டு. அவள் பிழை விடமாட்டாள். உப்புக் கூடினால், "இந்த ஊர் உப்பு அப்பிடி." பஸ் மாறி ஏறி மொந்தெல்லோவில் போய் இறங்கினால், "டிறைவர் சொல்லியிருக்க வேணும்." சிஞ்ஞோராவின் கம்பளிச் சட்டை சுடுதண்ணீரில் சுருங்கிக் குழந்தைச் சட்டை ஆனபோது, "சிஞ்ஞோரா, நீங்கள் உடம்பு வைச்சிட்டியள்" என்று முகத்துக்கு நேரே சொன்னாள். சிஞ்ஞோரா அன்று முழுவதும் கண்ணாடி முன்னால் போய் நின்று நின்று பார்த்தாராம். "எனக்குப் பிழை" என்ற வசனம் விமலராணியின் வாயில் இருந்து தமிழிலும் வந்ததில்லை, இத்தாலியத்திலும் வந்ததில்லை என்று அவளுடைய கணவர் ஆனந்தராசா சத்தியம் செய்யத் தயார். துறைமுகத்தில் பயணிகள் கப்பல் துப்புரவாக்கும் மனிதர் அவர். முப்பது வருடம் அவளோடு குடித்தனம் செய்த அனுபவத்தில் சொல்கிறார், நம்பலாம்.

போன வருடம் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். சிஞ்ஞோராவுக்கு ஒரு ஆசை, வாத்துக் குஞ்சு ஒன்றைக் கையில் ஏந்திப் பார்க்க வேண்டும் என்று. சந்தையில் இரண்டு பெண் குஞ்சு வாங்கி வளர்த்தார்கள். நாலரை மாதத்தில் இரண்டும் வெள்ளை வெளேரென்று கொழுத்து நின்றன. பக்கத்து வீட்டு தோரே, வேலையை விட்ட மீன்காரர், தன்னுடைய ஆண் வாத்தைக் கொண்டுவந்து விடலாமா என்று கேட்டார். விமலராணி இரண்டையும் தூக்கிப் பார்த்தாள். பாரமாக இருந்தன. "ஓம், வளந்திட்டுதுகள்" என்றாள். ஆண் வாத்து வந்து இருபது நாள் ஆகவில்லை, மூன்றாம் கிழமையே ஒரு வாத்தின் பிடரியில் இறகே இல்லை. அடுத்த நாள் ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டது. கால் நொண்டியது. உப்புத் தண்ணீரால் கண்ணைக் கழுவி, தன் மடியில் வைத்து அரிசி ஊட்டிப் பார்த்தாள். ஐந்தாம் நாள் அது செத்துப்போயிற்று. மற்றதைத் தோரே தன் உறவுக்காரரின் பண்ணைக்கு அனுப்பிவிட்டார். விமலராணி இரண்டு மாதம் தோரேயோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. "அந்த மனுசன் அவசரப்பட்டு விட்டிட்டுது" என்றே எல்லோருக்கும் சொன்னாள். "ஓம்" சொன்னது யார் என்பதை அவளும் மறக்கவில்லை. மடியில் கிடந்த அந்தப் பாரத்தை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் சோறு இறங்காது.

அதன் பிறகுதான் கேள்வி பிடித்தது. பெண் வாத்து எத்தனை மாதத்தில் ஆணோடு சேரலாம்? இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் திரிந்தாள். இறைச்சிக்கடைக்காரன், மூன்று மாதத்தில் அடுப்பில் சேரலாம் என்றான். அவனுக்கு அவள் கொடுத்த பார்வையில் இரண்டு கிழமை அவன் நிறுவையில் எலும்பே சேர்க்கவில்லை. மருந்துக்கடைப் பெண் கணினியில் தேடிப் பார்த்து, மன்னிக்கவும், எங்களிடம் மனிதருக்கான தகவல்தான் இருக்கிறது என்றாள். சிஞ்ஞோராவின் இதயத்தைப் பார்க்க வந்த டொக்டரிடம், அவர் குழாயைக் காதில் மாட்டிக்கொண்டு மூச்சை இழுக்கச் சொன்ன நேரம் பார்த்துக் கேட்டாள். டொக்டரும் மூச்சை இழுத்துக்கொண்டார். கோயிலில் பக்கத்தில் உட்காரும் றோசமலர், "ஆறு மாதம் எண்டு அம்மா சொல்லுறவா, அது கோழிக்கோ தாரா வாத்துக்கோ தெரியேல்லை" என்றாள். கைத்தொலைபேசியில் ஒரு அமெரிக்கப் பெண் வாத்துகளின் நடுவில் நின்று ஆங்கிலத்தில் விளக்கினாள்; விமலராணிக்கு அந்தப் பெண்ணின் காலில் கிடந்த சப்பாத்து மட்டும்தான் விளங்கியது.

ஆனந்தராசா ஒருநாள் சோற்றுக் கோப்பையோடு இருந்து கேட்டார்: "வயதுக்கு வந்தவுடன சாமத்தியச் சடங்கும் செய்யப் போறியோ? மண்டபம் பாக்கட்டோ?"

"நீங்கள் சாப்பிடுங்கோ. ஒரு சீவனிட விசயம்" என்றாள் அவள்.

கடைசியில் ஒரு வியாழக்கிழமை, தன்னுடைய ஓய்வு நாளில், நகரத்தில் உள்ள மிருக வைத்தியரிடம் போனாள். நாயோடும் பூனையோடும் ஆட்கள் வரிசையில் இருந்தார்கள். இவள் வெறுங்கையோடு போய் உட்கார்ந்தாள். வைத்தியர் ஒரு இளம்பெண். மிருகம் எங்கே என்று கேட்டதற்கு, "இன்னும் வாங்கேல்லை. கேட்டிட்டு வாங்குவம் எண்டு வந்தனான்" என்றாள். அந்தப் பெண் சிரித்துவிட்டுப் பத்து நிமிடம் ஒதுக்கினாள். வாத்தின் உடம்பு மூன்று மாதத்தில் பெருத்துவிடும், அதை நம்பக் கூடாது. ஆணுக்கு நாலு ஐந்து மாதத்திலேயே அவசரம் வந்துவிடும், பெண்ணின் எலும்பும் வயிறும் அதற்கு இன்னும் தயாராக இருக்காது. ஏழு மாதம் பொறுத்தால் பயமில்லை. ஒரு ஆணுக்கு ஒன்று இரண்டு பெண் போதாது, குறைந்தது நாலு பெண் வேண்டும். இல்லாவிட்டால் ஒருத்தியே எல்லாப் பாரத்தையும் தாங்க வேண்டி வரும். பிடரியைத் தினமும் பார். விமலராணி இதையெல்லாம் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தாள். இடம் போதாமல் கடைசி வரியை உள்ளங்கையில் எழுதினாள்.

இந்த வருடம் பங்குனி உத்தரத்தன்று சந்தையில் நான்கு குஞ்சுகள் வாங்கப்பட்டது அப்படித்தான். பொரித்து இரண்டு நாள் என்றான் விற்றவன். நாலும் பெண்ணாக இருக்க வேண்டும் என்று இவள் வேண்டாத தெய்வம் இல்லை. எட்டாம் கிழமையில் ஒவ்வொன்றாகக் குரல் உடைந்தது. பெண் வாத்து ஊரைக் கூட்டும். ஆண் வாத்து தொண்டை கட்டிய ஆள்போலக் கரகரக்கும். வாலில் சுருண்ட இறகு வந்தால் அதுவும் ஆண். நாலும் ஊரைக் கூட்டின, ஒரு வாலும் சுருளவில்லை. அன்றைக்கு அவள் சிஞ்ஞோராவுக்குப் பாயாசம் காய்ச்சிக் கொடுத்தாள். சிஞ்ஞோரா அதை என்ன சூப் என்று கேட்டார்.

நாலில் கடைசி, சின்னப்பெட்டை. மற்ற மூன்றும் மழை பெய்தால் மதிலில் ஏறும் நத்தைகளுக்குச் சண்டை பிடிக்கும். இது அவற்றின் பின்னால் நின்று வெறும் நத்தை ஓட்டைக் கொத்தும். அந்த நத்தைகளைப் பொறுக்கி உள்ளிப்பூண்டு போட்டு வதக்கித் தின்னும் தோரேக்கு வாத்துகளோடு இதனால் ஒரு பகை உண்டு. சின்னப்பெட்டையை மட்டும் அவர் மன்னித்துவிட்டார்.

ஏழு மாதத்தை எப்படி எண்ணுவது என்பதிலும் விமலராணிக்கு ஒரு முறை இருந்தது. இறந்துபோன தாய்க்காக அவள் மாதா மாதம் பறுவம் பிடிக்கிறவள். பௌர்ணமியை யாழ்ப்பாணத்தார் பறுவம் என்பார்கள். அன்றைக்கு மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் இல்லை, ஒருபொழுதுதான் சாப்பாடு. அவளுக்கு எந்தத் திகதியும் மறக்கும், பறுவம் மறக்காது. ஆகவே ஒவ்வொரு பறுவத்துக்கும் கூட்டுக் கதவில் சோக்கட்டியால் ஒரு கோடு இழுத்தாள். "ஏழு கோடு விழட்டும், அதுக்குப் பிறகு மாப்பிள்ளை வரட்டும்" என்று தோரேக்கும் சிஞ்ஞோராவுக்கும் அறிவித்துவிட்டாள்.

சிஞ்ஞோராவுக்கோ வேறு கணக்கு. பொலொஞ்ஞாவில் இருக்கும் மகள் டிசம்பர் எட்டாம் திகதி வந்து அவரைத் தன்னோடு கூட்டிப்போகப் போகிறாள். குளிர்காலத்துக்கு மட்டும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. எந்தக் குளிர்காலத்துக்கு என்று யாரும் கேட்கவில்லை. சிஞ்ஞோரா பென்சிலால் கடித உறையின் மேல் எழுதிப் பார்த்தார்: ஒக்டோபர் முதல் கிழமையில் சேர்த்தால், முட்டைக்கு மூன்று கிழமை, அடைகாக்கத் தோரேயின் கோழி இருக்கிறது, அதற்கு இருபத்தெட்டு நாள். நவம்பர் முடிவதற்குள் குஞ்சு கையில். பத்து நாள் மிச்சம். ஏழாவது கோடும் ஒக்டோபர் முதல் கிழமையில்தான் விழுகிறது என்று அறிந்ததும் அந்த உறையை மடித்து மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டார். அதை எடுத்து எடுத்துப் பார்ப்பார்.

செப்டெம்பரில் ஒருநாள் தோரே மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "ராணி, என் மாமியாரே இவ்வளவு பருமன் இல்லை. இன்னும் என்ன பொறுக்கிறாய்?"

"உங்கட மாமியாரைக் கொண்டு வாங்கோ, நெஞ்சில காது வைச்சுச் சொல்லுறன்."

"ஒரு மாதத்தில் என்ன வந்துவிடும்?"

"வயசு போதாது. காணாது எண்டால் காணாது. போன வருசம் என்ன வந்தது எண்டு உங்களுக்குத் தெரியும்."

தோரே தலையை இறக்கிக்கொண்டார். சிஞ்ஞோரா அன்று இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. "நான் இருக்கும்போது நடக்குமா ராணி?" என்று மட்டும் கேட்டார். விமலராணி கரண்டியில் சூப்பை அள்ளினாள். எண்பத்து நாலு வயதுப் பிள்ளைக்கு ஓம் என்று சொல்லிச் சூப்பைக் குடிக்க வைப்பது லேசு. ஆனால் ஓம் என்ற சொல்லைக் கண்டபடி செலவழிப்பதை அவள் போன வருடத்தோடு நிறுத்தியிருந்தாள். "ஏழாவது கோட்டண்டைக்கு நடக்கும். அதில மாற்றம் இல்லை" என்றாள். அதற்குப் பிறகு சூப் இறங்கியது.

புரட்டாதிப் பறுவம் வந்தது. விமலராணி விடியவே தலைக்கு வார்த்து, திருநீறு பூசி, பச்சைத்தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வந்திருந்தாள். சிஞ்ஞோரா பத்து மணிக்கே நல்ல மேலங்கியைப் போட்டு, உதட்டுக்குச் சாயம் தீட்டி, நாற்காலியைக் கூட்டுக்குப் பக்கத்தில் போடச் சொல்லியிருந்தார். தோரே மீன்பெட்டி ஒன்றில் தன் ஆண் வாத்தைச் சுமந்துகொண்டு வந்தார். அதன் பெயர் பரோனே. இரண்டு வயது, கழுத்தும் நெஞ்சும் பெரிய வீட்டுத் தோரணையில் இருக்கும். சவரம் செய்த முகத்தோடு தோரேயும் வந்திருந்தார், மாப்பிள்ளை வீட்டார் அல்லவா.

விமலராணி கதவில் ஏழாவது கோட்டை இழுத்தாள். தோரே பெட்டியைக் கூட்டுக்குள் வைத்து மூடியைத் திறந்தார். பரோனே வெளியே வந்து கழுத்தை மேலும் கீழும் ஆட்டினான். பெரிய பெட்டைகள் மூன்றும் சத்தம்போட்டன, தலையைத் தாழ்த்தித் தாழ்த்தி நிமிர்த்தின. அந்தத் தலையாட்டல் சம்மதம் என்று வைத்தியப் பெண் சொல்லியிருந்தாள். சின்னப்பெட்டை மட்டும் ஆட்டவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் ஒடுங்கி, குஞ்சு வயதில் போட்ட சத்தத்தைப் போட்டது.

விமலராணியின் கண் கதவுக்குத் திரும்பியது. முதல் கோட்டைப் பார்த்தாள். அதை இழுத்தது எப்போது? பங்குனிப் பறுவம். குஞ்சுகள் வீட்டுக்கு வந்த அடுத்த நாள். சப்பாத்துப் பெட்டிக்குள் நாலும் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக் கிடந்தன. மூன்று நாள் குஞ்சுகளுக்கு ஒரு மாதம் என்று கோடு போட்டிருக்கிறாள்!

யாழ்ப்பாணத்தில் துடக்கு என்னும் தீட்டுக்கும், இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்குக்கும் நாள் எண்ணுவது அப்படித்தான். பிள்ளை பிறந்த நாளே முதலாம் நாள்; ஆள் செத்த நாளே முதலாம் நாள். அப்படி எண்ணித்தான் முப்பத்தோராம் நாள் வரும். தாய்க்கும் அவள் அப்படித்தான் எண்ணினாள். கை பழகிய கணக்கு. வாத்துக்கும் அதையே போட்டுவிட்டது. பெருவிரலை மற்ற விரல்களின் வரையில் வைத்து மறுபடி எண்ணினாள். சித்திரைப் பறுவத்துக்குத்தான் ஒன்று. இன்றைக்கு ஆறு. ஆறு மாதம்கூட நாள் கணக்கில் நிரம்பவில்லை.

யாரும் கவனிக்கவில்லை. கதவில் ஏழு கோடு பளிச்சென்று இருந்தது. தோரேக்குத் தெரியாது. கணக்கு ரீச்சரான சிஞ்ஞோரா கோட்டைப் பார்க்கவே இல்லை. உதட்டுச் சாயத்தோடு பரோனேயைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு மாதத்தில் என்ன வந்துவிடும்? மூன்று பெட்டைகளுக்குச் சம்மதம். இன்றைக்கு விட்டால் நவம்பரில் குஞ்சு. விடாவிட்டால் அடுத்த பறுவம், பிறகு முட்டை, பிறகு இருபத்தெட்டு நாள். டிசம்பர் எட்டாம் திகதி அதற்கு முன்னால் வந்துவிடும். விமலராணி பாவம், அந்த வயிற்றுப் பசியோடு இவ்வளவையும் கூட்டிக் கழித்தாள். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். பிழையை ஒத்துக்கொள்ளாமல் நிற்பதில் அவளுக்கு நல்ல பழக்கம் உண்டு.

பரோனே சம்மதித்தவர்களைத் தாண்டிப் போனான். நேரே தண்ணீர்த் தொட்டிக்குப் போய்ச் சின்னப்பெட்டையின் பிடரியைக் கவ்வினான். வெள்ளை இறகு இரண்டு காற்றில் எழும்பியது.

விமலராணி செருப்போடு கூட்டுக்குள் பாய்ந்தாள். தொட்டி கவிழ்ந்தது, தோய்த்து உடுத்த சேலை முழங்கால்வரை சேறானது. பரோனேயின் சிறகுகளைச் சேர்த்துப் பிடித்துத் தூக்கிக் கக்கத்தில் இறுக்கினாள். அவன் அவளுடைய மேற்சட்டைக் கையைக் கவ்விக்கொண்டு விடவில்லை. சின்னப்பெட்டை அவள் சேலைக்குள் புகுந்துகொண்டது.

"என்ன ராணி? ஏழு கோடு விழுந்துவிட்டதே!" என்றார் தோரே.

"விழுந்தது. நான்தான் பிழையா எண்ணிப்போட்டன்."

விமலராணி அதோடு நிறுத்தவில்லை. சொல்லத் தொடங்கிய வாய், மற்றதையும் கொண்டுவந்து கொட்டியது. "போன வருசமும் ஓம் எண்டு சொன்னது நான்தான். உங்களில பிழை இல்லை. அந்தப் பிள்ளை செத்தது என்னாலதான்." இதை அவள் தமிழில் சொல்லவில்லை. மீன்கடை இத்தாலியத்தில், இருவருக்கும் ஒரு சொல்லும் தப்பாமல் விளங்கும்படி சொன்னாள்.

சிஞ்ஞோராவின் சிரிப்பு நின்றுவிட்டது. மேலங்கிப் பைக்குள் கையை விட்டுக் கண்ணாடிக்கூட்டைத் தொட்டார், வெளியே எடுக்கவில்லை. நாற்பது வருடம் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தியவர். கணக்குப் பிழை என்றால் அவருக்குக் கேட்பதற்கு ஒரு கேள்விதான் இருந்தது.

"எத்தனையால் பிழை?"

விமலராணி அவரை நேரே பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. பரோனே தொங்கிக்கொண்டிருந்த கையை அசைக்காமல், சேறு வழிந்த மற்றக் கையைத் தூக்கி, ஒரு விரலைக் காட்டினாள்.